புயலும் பஞ்சாங்கமும்

ஐப்பசி பிறந்து வாடைக் காற்றுத் திரும்பிவிட்டால் நமது கடற்கரை ஜில்லாக்களிலே இரண்டு விதமான ஜோசியம் கிளம்பிவிடுவது வழக்கம். ஒன்று பஞ்சாங்கக்காரருடைய ஜோசியம். மற்றொன்று வானிலை ஆராய்ச்சி இலாகாவாருடைய ஜோசியம். பின்னதை ஜோசியம் என்று சொல்லுவது தப்பு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் நமது ஜனங்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒரே தராசிலே வைத்து நிறுத்து, அதிலும் பஞ்சாங்கத்தின் தட்டே கனம் என்று தீர்மானித்து வைத்திருக்கிறபடியால் அவர்கள் பாஷையிலேயே சொன்னோம்.

டீக்கடையிலே போய்ப் பாருங்கள். “இலாகாக்காரன் மழை என்று சொல்லிவிட்டானா? அப்படியானால் குடை வேண்டியதில்லை” என்று ஒருவர் சொல்லுவார், பத்துப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதைப் பற்றி நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் இப்படிச் சிரிக்கின்ற அதே மனிதர் சித்திரை மாதம் முதல் தேதியன்று மேல்துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு கோவில் மண்டபத்திலே உட்கார்ந்து, புரோகிதர் பஞ்சாங்கம் படித்து “இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால்” என்று சொல்லுகிறபோது சிரிக்கிறாரா? இல்லை. தட்டிலே தக்ஷிணை போட்டுவிட்டு, கன்னத்திலே போட்டுக்கொண்டு வருகிறார். தினந்தோறும் கணக்குப் பார்த்துச் சொல்லுகிறவனைப் பரிகாசம் செய்வதும், வருஷத்திற்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவனைக் கும்பிடுவதும் என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இது வெறும் வேடிக்கை விஷயமாயிருந்தால் நாம் இவ்வளவு எழுதவேண்டிய அவசியமே இல்லை. கார்த்திகை மாதத்திலே கடலுக்குப் போன மனிதன் வீடு திரும்புவதும் திரும்பாததும், பள்ளத்திலே குடிசை போட்டிருக்கிற குடும்பம் மறுநாள் பொழுது விடிந்து பார்ப்பதும் பாராததும் இந்த இரண்டில் எதை நம்புகிறோம் என்பதைப் பொறுத்திருக்கின்றது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கம் மழை சொல்லுகின்ற விதம்

பஞ்சாங்கத்தைத் திறந்தவுடனே ஒரு மந்திரிசபை வரும். ராஜா ஒரு கிரகம், மந்திரி ஒரு கிரகம், சேனாதிபதி ஒரு கிரகம் என்று உத்தியோகம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதிலே மழை இலாகாவுக்கு ஒரு மந்திரி உண்டு. அவருக்கு மேகாதிபதி என்று பெயர். இந்த மேகாதிபதியை எப்படி நியமிக்கிறார்கள் தெரியுமா? கடலைப் பார்த்தல்ல, காற்றைப் பார்த்தல்ல, மேகத்தைப் பார்த்துமல்ல. சூரியன் திருவாதிரை நக்ஷத்திரத்திலே பிரவேசிக்கிற நாள் என்ன கிழமையோ, அந்தக் கிழமைக்குரிய கிரகமே மேகாதிபதி. புதன்கிழமையானால் புதன், சனிக்கிழமையானால் சனி. அதன்மேல் அந்தக் கிரகத்தின் குணத்தைச் சொல்லி, மழை நிறையும் என்றோ குறையும் என்றோ எழுதிவிடுகிறார்கள்.

தோழர்களே! கிழமை என்பது மனிதன் தன் சௌகரியத்திற்காக ஏழு ஏழு நாளாகப் பிரித்து வைத்துக்கொண்ட கணக்கு. வங்காளக் குடாக்கடலுக்குச் செவ்வாய்க்கிழமை எது, புதன்கிழமை எது என்று தெரியுமா? ஆனி மாதத்திலே ஒரு நாள் செவ்வாயாயிருந்ததா புதனாயிருந்ததா என்பதைக் கொண்டு கார்த்திகையிலே நாகப்பட்டினத்தில் புயல் அடிக்குமா என்று கண்டுபிடிக்கலாம் என்றால், மளிகைக் கடைச் சீட்டின் நம்பரைக் கொண்டும் கண்டுபிடிக்கலாமே!

இன்னொரு வித்தை கர்ப்போட்டம் என்பது. மார்கழிக் கடைசியிலே சூரியன் பூராட நக்ஷத்திரத்தில் இருக்கிற பதினான்கு நாளும் மேகம் கர்ப்பம் தரிக்கிறதாம். ஒவ்வொரு நாள் மேகமும் அடுத்த வருஷத்தின் பதின்மூன்று பதின்மூன்றரை நாள் மழைக்கு அடையாளமாம். வானத்தை அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுகிறார்களே, அந்த மட்டில் இது கிழமை ஜோசியத்தைவிட யோக்கியமானதுதான். ஆனால் குறித்து வைத்த நோட்டை அடுத்த வருஷம் யாராவது எடுத்துச் சரிபார்த்து, இத்தனை நாள் சரி, இத்தனை நாள் தப்பு என்று ஊருக்குச் சொன்னதுண்டா? சரிபாராத கணக்குக்குக் கணக்கு என்று பெயர் இல்லை.

அறுபது வருஷத்திற்கு ஒரே பாட்டு

இடைக்காடர் பேரால் வழங்குகிற அறுபது வருஷ வெண்பாவைப் பஞ்சாங்கந்தோறும் அச்சிடுகிறார்கள். வருஷம் அறுபது, வெண்பா அறுபது. அறுபதும் தீர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். அதாவது தாத்தா காலத்து மழைக்குச் சொன்ன பாட்டே பேரன் காலத்து மழைக்கும் பாட்டு.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம். அது குரோதி வருஷம். பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி. அதுவும் குரோதி வருஷம். உடனே பஞ்சாங்கக்காரர் எழுந்து, “பார்த்தீர்களா, குரோதி என்றால் கோபம், இரண்டு குரோதியிலும் புயல் வந்ததே!” என்று துள்ளக்கூடும். துள்ளுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கட்டும். சென்னையும் செங்கல்பட்டும் வெள்ளத்திலே மிதந்த 2015-ம் வருஷத்திற்கு என்ன பெயர்? மன்மத. வர்தா புயல் சென்னையிலே மரங்களைச் சாய்த்த 2016 துன்முகி. ஒக்கி வந்த 2017 ஹேவிளம்பி. கஜா வந்த 2018 விளம்பி. தானே புயல் கடலூர் ஜில்லாவின் பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கிய 2011 கர. மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியதும், அதே மாதத்திலே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் 2023, அது சோபகிருது. சோபகிருது என்றால் மங்களத்தைச் செய்வது என்று அர்த்தமாம்! தாமிரபரணிக் கரையிலே வீடிழந்தவர்களிடம் போய் இந்த அர்த்தத்தைச் சொல்லிப் பாருங்கள்.

நல்ல பெயர் வைத்த வருஷத்திலும் புயல், கெட்ட பெயர் வைத்த வருஷத்திலும் புயல் என்றால், பெயருக்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை என்பதுதானே அர்த்தம்?

வருஷப் பெயர்தான் இப்படியென்றால் புயலின் பெயரையும் இவர்கள் விட்டபாடில்லை. கஜா என்றால் யானை, யானை என்றால் கணபதி, ஆகையால் இது இன்ன தெய்வத்தின் கோபம் என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் உண்டு. நமது கடல்களில் உண்டாகிற புயல்களுக்கு 2004 முதல் கடலோர தேசங்கள் முறைவைத்துப் பெயர் கொடுத்து வருகின்றன. கஜா இலங்கை கொடுத்த பெயர். வர்தா பாகிஸ்தான் கொடுத்தது. ஒக்கி வங்காள தேசம் கொடுத்தது. நிவர் ஈரானும், மிக்ஜாம் பர்மாவும், பெஞ்சல் சவூதி அரேபியாவும் கொடுத்தவை. புயல் பிறப்பதற்கு வெகு காலத்திற்கு முன்பே ஜாபிதா தயாராயிருக்கும். எது முன்னே வருகிறதோ அதற்கு அடுத்த பெயர். ரேஷன் கடை வரிசையைப்போல வருகிற பெயரிலே தெய்வ ரகசியம் என்ன இருக்கிறது?

புயல் என்பது என்ன?

தமிழ்நாட்டிற்கு வருஷ மழையிலே ஏறக்குறையச் சரிபாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. சராசரி 44 சென்டிமீட்டர். இதிலே பெரும்பங்கைக் கொண்டுவருவன கடலிலே உண்டாகிற தாழ்வழுத்தங்களும் புயல்களுமே. கடல்நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாயிருந்தால் அதிலிருந்து ஆவி ஏராளமாய் மேலே எழும்புகிறது. ஆவி குளிர்ந்து மேகமாகிறபோது தன்னிடமுள்ள உஷ்ணத்தை வெளியே விடுகிறது. அந்த உஷ்ணத்தால் காற்று இன்னும் மேலே ஏற, கீழே அழுத்தம் குறைய, நாலாபுறத்துக் காற்றும் அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழலுகிறபடியால் ஓடிவருகிற காற்று நேரே வரமுடியாமல் திரும்பி, நம் பக்கத்திலே கடியாரமுள்ளுக்கு எதிர்த்திசையாகச் சுழலுகிறது. இவ்வளவுதான் புயல். இதிலே வாயு பகவானுக்கும் வருண பகவானுக்கும் உத்தியோகம் இல்லை.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம்; 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 62-ஐத் தொட்டால் புயல்; 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். அதற்கு மேலும் படிகள் உண்டு. துறைமுகத்திலே ஏற்றுகிற கூண்டு 1 முதல் 11 வரை. 1 என்றால் தூரக் கடலிலே சுழல் இருக்கிறது, ஜாக்கிரதை என்று பொருள். 10 என்றால் மகா அபாயம். 11 என்றால் செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதைக் கடற்கரை ஊர்களிலே ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? நக்ஷத்திரம் இருபத்தேழையும் மனப்பாடமாய் ஒப்பிக்கிற வீட்டிலே கூண்டு பதினொன்றைத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பலத்த புயலுக்கு நடுவிலே கண் என்று ஓரிடம் உண்டு. அது நம் தலைக்கு நேரே வருகிறபோது காற்று சட்டென்று நின்றுபோகும். வானம்கூடத் தெளிவாய்த் தெரியலாம். “அம்மன் மலையிறங்கிவிட்டாள், தேங்காய் உடையுங்கள்” என்று வெளியே வருகிறவர்கள் செத்தார்கள். ஏனெனில் கொஞ்ச நேரத்திற்கெல்லாம் கண் நகர்ந்து, முன்னே அடித்ததற்கு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு காற்று திரும்பவும் அடிக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புராணம்? காற்றுமானியை வைத்து அளந்தவன்தானே சொன்னான்!

இரண்டு ரயில்கள்

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ம் நம்பர் ரயில் தனுஷ்கோடியை நெருங்குகிற சமயத்திலே கடல் எழும்பி அதை அப்படியே விழுங்கிவிட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. தனுஷ்கோடி வாசத்திற்கு லாயக்கில்லாத ஊர் என்று சர்க்கார் விளம்பரம் செய்தார்கள். இன்றைக்கும் அங்கே நிற்பவை இடிந்த சர்ச்சுச் சுவரும் இடிந்த ஸ்டேஷனுமே.

இதைப் பற்றிப் பேசுகிறபோதெல்லாம், “ராமேஸ்வரம் கோவில் வாசலோடு கடல் நின்றுவிட்டது பார்த்தீர்களா” என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். கோவிலுக்குள் ஒதுங்கினவர்கள் பிழைத்தார்கள் என்றால் சந்தோஷமே. கருங்கல் கட்டிடத்திலே யார் ஒதுங்கினாலும் பிழைக்கக்கூடும். ஆனால் கோவில் வாசலிலே கடலை நிறுத்தத் தெரிந்த சாமிக்கு ரயில் வாசலிலே நிறுத்தத் தெரியாமற் போனதேன்? ரயிலிலே இருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? “அது அவர்கள் கர்மம்” என்று பதில் சொல்லுவீர்களானால், செத்தவனையே குற்றவாளியாக்குகிற அந்தப் பதிலைவிடக் கொடுமையானது புயலிலும் இல்லை.

இப்போது இரண்டாவது ரயிலைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலே நிறுத்தப்பட்டது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய், இருப்புப்பாதை அந்தரத்திலே தொங்கிக்கொண்டிருந்தது. செய்தி வந்தது, சிக்னல் விழவில்லை, வண்டி நின்றது. பிரயாணிகள் இரண்டு நாள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. பக்கத்துக் கிராமத்தார் தங்கள் ஊரே வெள்ளத்தில் கிடக்க, இருக்கிற அரிசியைப் பொங்கிக் கொண்டுவந்து போட்டார்கள். யார் என்ன ஜாதி என்று கேட்டுப் போடவில்லை. பிரயாணிகள் உயிரோடு மீண்டார்கள்.

முதல் ரயிலுக்கும் இரண்டாவது ரயிலுக்கும் நடுவிலே ஐம்பத்தொன்பது வருஷம். இந்த ஐம்பத்தொன்பது வருஷத்திலே சாமி மாறவில்லை, பஞ்சாங்கமும் மாறவில்லை. மாறினது என்ன? வானத்திலே செயற்கைக் கோள் ஏறியது. சென்னையிலும் காரைக்காலிலும் ராடார் சுழலுகிறது. கடலிலே மிதவைகள் மிதந்து காற்றையும் அலையையும் அளந்து அனுப்புகின்றன. பாம்பனிலே காற்றுமானி வைத்து, குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் காற்று அடித்தால் சிக்னல் கிடையாது என்று ஏற்பாடு செய்தார்கள். நூறு சடலத்திலே கற்ற பாடம் எண்ணூறு உயிரைக் காப்பாற்றியது. அறிவு என்பது இப்படித்தான் வேலை செய்யும்.

ஒரிஸ்ஸாவையும் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ந் தேதிப் புயலிலே அங்கே பதினாயிரம் பேர் வரை மாண்டார்கள். 2013 அக்டோபர் 12-ந் தேதி பைலின் புயல் அதே கரையிலே ஏறியபோது, முன்கூட்டியே பத்து லக்ஷம் பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டார்கள். மாண்டவர்கள் பத்துக் கணக்கிலே நின்றார்கள். பூரி ஜகந்நாதர் 1999-லும் அங்கேதான் இருந்தார், 2013-லும் அங்கேதான் இருந்தார். புதிதாய் வந்தவை எச்சரிக்கையும், லாரியும், காங்க்ரீட் புகலிடமுமே.

கிரகணம் சொல்லவில்லையா?

“பஞ்சாங்கம் பொய் என்கிறீர்களே, அது சொன்ன நாளிலே சொன்ன நிமிஷத்திலே கிரகணம் பிடிக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவம். சந்திரனும் பூமியும் ஓடுகிற ஓட்டத்தைக் கணக்கிட்டவன் கிரகணத்தைச் சொல்லுகிறான். அந்தக் கணக்கை நாம் பாராட்டுகின்றோம். அதிலே ஜோசியம் இல்லை. ஆனால் நல்ல அரிசிக்குப் பேர்போன கடையிலே உமியை மூட்டை கட்டி அதே விலைக்கு விற்பதுபோல, கிரகணக் கணக்கின் பேராலே மழை ஜோசியத்தையும் விற்கிறார்களே, அதைத்தான் மோசடி என்கின்றோம்.

அந்தக் கிரகக் கணக்கிலேயே இவர்களுக்குள் ஒற்றுமை உண்டா? சனி கும்ப ராசிக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17; வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம்! வானத்திலே இருக்கிற சனி ஒருவர்தான். அவர் எங்கே இருக்கிறார் என்பதிலேயே பதினோரு மாதம் தகராறு. அதன் பலனை மாத்திரம் இரண்டு கட்சியாரும் தவறாமல் சொல்லுவார்கள். டிசம்பர் 20-ந் தேதி திருநள்ளாற்றிலே ஜனங்கள் சனிப்பெயர்ச்சிக்குக் கூடியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களிலே வெள்ளம் இன்னும் வடிந்தபாடில்லை. பெயர்ச்சிப் பலனை ராசி ராசியாய் எழுதித் தள்ளினவர்களில் ஒருவராவது, “17-ந் தேதி ராத்திரி ஏரிக்கரை ஓரத்திலே படுக்காதீர்கள்” என்று எழுதினாரா?

2019-ம் வருஷம் சென்னை ஏரிகள் வறண்டு ஜனங்கள் குடத்தோடு தெருவிலே நின்றபோது, அறநிலைய இலாகா கோவில்களிலே மழைக்காக யாகம் செய்யும்படி உத்தரவு போட்டது. ஏரி தூர் வாருகிற மாதத்திலே நெய்யைக் கொண்டுபோய் நெருப்பிலே ஊற்றினார்கள். கிராமத்திலே கழுதைக்குக் கல்யாணம் செய்கிறவனைப் பார்த்துப் படித்தவன் சிரிக்கிறான். கொடும்பாவி கட்டி இழுக்கிறவனை அநாகரிகம் என்கிறான். சர்க்கார் பணத்திலே செய்கிற யாகத்திற்கும் கழுதைக் கல்யாணத்திற்கும் என்ன பேதம்? ஒன்றிலே செலவு அதிகம் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

2024 டிசம்பர் முதல் தேதி திருவண்ணாமலையிலே மலைச்சரிவு இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் ஒரே வீட்டிலே புதைந்து மாண்டார்கள். அதன்பிறகு கார்த்திகை தீபத்தன்று ஜனங்கள் மலையேறலாமா என்ற கேள்வி வந்தபோது சர்க்கார் யாரைக் கேட்டார்கள்? ஜோசியரையா? மண்ணியல் நிபுணர்களை அனுப்பி மண்ணைச் சோதித்துப் பார்த்து, ஜனங்கள் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். உயிர் போகிற காரியம் என்று வந்துவிட்டால் ஆத்திகரும் அறிவைத்தான் தேடுகிறார்கள். அதை நாம் குறைசொல்லவில்லை. மற்ற நாளிலும் அப்படியே செய்யுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

இலாகா தவறவில்லையா?

தவறியிருக்கிறது. அதை மறைக்கவேண்டிய அவசியம் பகுத்தறிவுக்காரனுக்கு இல்லை. 2017-ல் ஒக்கி கன்னியாகுமரிக்குப் பக்கத்திலே மளமளவென்று புயலாகியபோது எச்சரிக்கை பிந்தியது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவருக்குச் சேதி சொல்ல வழியே இல்லை. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்பிள்ளையை இழந்தன. பலருக்குச் சடலங்கூடக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரிலே தென் ஜில்லாக்களுக்குக் கனமழை என்று சொன்னார்கள். 95 சென்டிமீட்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை. 2024-ல் பெஞ்சல் புயலாகாது என்று ஒரு நாள் சொல்லி, மறுநாள் ஆகும் என்று திருத்தினார்கள்.

ஆனால் தவறு நேர்ந்தபிறகு நடப்பதைக் கவனியுங்கள். விஞ்ஞானி தன் தவறைத் தானே வெளியிடுகிறான். ஏன் தவறினோம் என்று கணக்கை மறுபடி போடுகிறான். மிதவை போதவில்லையா, ராடார் போதவில்லையா என்று பார்க்கிறான். ஒக்கிக்குப் பிறகே ஆழ்கடல் படகுகளிலே செயற்கைக் கோள் வழியாய்ச் சேதி வாங்குகிற கருவிகளைப் பொருத்த முற்பட்டார்கள். பஞ்சாங்கக்காரரோ, “போன வருஷம் நான் சொன்ன மழை பெய்யவில்லை; மன்னியுங்கள்; தக்ஷிணையைத் திருப்பித் தருகிறேன்” என்று சொன்னதுண்டா? தவறே செய்யாதவன் என்று பெயரெடுக்க ஒரே வழி, ஒருபோதும் சரிபார்க்க இடங்கொடாமல் இருப்பதுதான்.

அன்றியும், கல்கத்தாவிலே 1864-ல் புயல் வந்து பல்லாயிரம் பேர் மாண்டபிறகு, பஞ்சங்களும் சேர்ந்து ஜனங்களைக் கொன்றபிறகே, 1875-ல் இந்த இலாகா ஏற்பட்டது. பிணத்தின்மேல் பிறந்த இலாகா அது. ஆகையால் அதைப் பரிகாசம் செய்வதைவிட, இன்னும் சரியாகச் செய் என்று அதட்டிக் கேட்பதே ஜனங்களின் கடமை. அதேபோல, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று காற்றை முகத்திலே வாங்கியே சொல்லுகிற பழைய மீனவனின் அறிவை நாம் மூடநம்பிக்கை என்று ஒருபோதும் சொல்லமாட்டோம். அது கண்ணால் பார்த்துத் தப்பைத் திருத்திச் சேர்த்த அறிவு. அது விஞ்ஞானத்தின் தாய். அவனிடமிருந்து இலாகா கற்கவேண்டும்; இலாகாவிடமிருந்து அவன் கற்கவேண்டும். இருவருக்கும் நடுவிலே தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் அங்கே வேலையில்லை.

யாருடைய குடிசை போகிறது?

புயலுக்கு ஜாதியில்லை என்று பிரசங்கிகள் சொல்லுகிறார்கள். காற்றுக்கு இல்லைதான், ஆனால் மனைக்கட்டுக்கு உண்டே! ஊர் மேட்டிலே, சேரி பள்ளத்திலே. கல் வீடு ஒரு தெருவிலே; கீற்றுக் குடிசை மற்றொரு தெருவிலே. வெள்ளம் முதலில் எங்கே நுழைகிறது, கடைசியில் எங்கே வடிகிறது என்று கேட்டால், ஜாதியை வரைந்த படம் போலவே பதில் வரும். இது கிரகம் செய்த காரியமா, மனிதன் செய்த காரியமா? மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். “தலைவிதி” என்று சொல்லிவிட்டால் மாற்றவேண்டியதில்லை. தலைவிதியால் யாருக்கு லாபம் என்பது இப்போது விளங்குகிறதா?

கஜா வந்தபோது முன்கூட்டியே எண்பதினாயிரம் பேர் வரை முகாம்களுக்குப் போனார்கள். அதனால் உயிர்கள் தப்பின. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலே லக்ஷக்கணக்கான தென்னை சாய்ந்து, ஒரு தலைமுறைச் சம்பாத்தியம் ஒரே ராத்திரியிலே தரையிலே கிடந்தது. எச்சரிக்கை உயிரைக் காக்கும். பிழைப்பைக் காக்க இன்ஷூரன்ஸும், நல்ல வீடும், உடனுக்குடன் நஷ்ட ஈடும் வேண்டும். இதைக் கேட்கவேண்டிய இடம் சன்னதி அல்ல, சர்க்கார் கச்சேரி.

செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே! நம்முடைய மன்றங்களும் வாசகசாலைகளும் இந்த மழைக்காலத்திலே சில காரியங்களைச் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

தினந்தோறும் வெளியாகிற எச்சரிக்கையை வாசகசாலைப் பலகையிலே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் உடனே காரியம் செய் என்று படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். இலாகாவின் பேராலே வருகிற வதந்தியை நம்பாமல், இலாகாவே சொன்னதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிரகத்தை நம்புவது எவ்வளவு மூடத்தனமோ, செல்போனிலே வந்ததையெல்லாம் நம்புவதும் அவ்வளவு மூடத்தனமே. பள்ளத்திலே இருக்கிற குடிசைகளை இப்போதே எண்ணி, எந்தக் கட்டிடத்திலே யார் தங்குவது என்று ஜாதி பாராமல் தீர்மானம் செய்யுங்கள். இடம் தர மறுக்கிறவர் பெயரை ஊரறியச் சொல்லுங்கள். காற்று நின்றாலும் இலாகா சொல்லுகிறவரையில் வெளியே வராதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு பரீக்ஷை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றை எடுத்து, மரமும் சுவரும் மறைக்காத வெளியிலே வையுங்கள். காலையிலே ஒரே நேரத்தில் ஸ்கேல் கட்டையால் அளந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டிலே எழுதுங்கள். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு நாற்பதினாயிரம் லிட்டர் தண்ணீர். நோட்டின் ஒரு பக்கத்திலே பஞ்சாங்கம் சொன்னதையும், மறுபக்கத்திலே இலாகா சொன்னதையும் எழுதுங்கள். அடுத்த சித்திரை முதல் தேதி புரோகிதர் பஞ்சாங்கம் படிக்க உட்காருகிறபோது, இந்த நோட்டையும் கொண்டுபோய்ப் பக்கத்திலே உட்கார்ந்து, மரியாதையாகவே, “ஐயா, போன வருஷத்துக் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் புது வருஷத்தை ஆரம்பிக்கலாமா?” என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவருக்குத் தக்ஷிணை கொடுப்பதிலே நமக்கு ஆக்ஷேபணை இல்லை.